கறுத்த கொலுசும் செபியா படமும்: வீட்டிலேயே பிரிண்ட் டோனிங்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன எபிசோடுல பாத்ரூமை டார்க்ரூமா மாத்தி, கறுப்பு வெள்ளை பிரிண்ட் போடுற வரைக்கும் பேசினோம். அதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "செபியா கலர் எப்படிக் கொண்டு வர்றது?" சிலர் இன்னும் ஒரு படி மேல போய், "காபித் தண்ணியில முக்கினா வந்துடுமா?"ன்னு கேட்டிருந்தீங்க. நான் உக்காந்து பேசுறது ஏற்காடு பக்கம் வெள்ளக்கடையில. சுத்தி காபித் தோட்டம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாம இந்த ஊர்ல இருக்க முடியாது. ஆனா அதுக்கு முன்னாடி டோனிங்னா உண்மையிலேயே என்னன்னு பார்த்துடலாம்.

கொலுசு ஏன் கறுக்குது?

வீட்டுல வெள்ளிக் கொலுசு, குத்துவிளக்கு, குங்குமச்சிமிழ் எதுவானாலும் கொஞ்ச நாள்ல கறுத்துப் போகும். அம்மா திருநீறு போட்டுத் தேய்ச்சு மறுபடி பளபளன்னு ஆக்குவாங்க. அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல. காத்துல இருக்குற கந்தகம் வெள்ளியோட சேர்ந்து உண்டாகுற சில்வர் சல்ஃபைடு.

கறுப்பு வெள்ளை பிரிண்ட்ல நம்ம கண்ணுக்குத் தெரியுற கறுப்பும் வெள்ளிதான். ஜெலட்டின் படலத்துக்குள்ள ரொம்ப ரொம்பச் சின்ன வெள்ளித் துகள்கள் சிதறிக் கிடக்குது. அவ்வளவு சின்னதா இருக்கிறதால வெளிச்சத்தை விழுங்கிக் கறுப்பாத் தெரியுது. அந்தத் துகள்களை நாமளே வேணும்னு சல்ஃபைடா மாத்துறதுக்குப் பேர்தான் செபியா டோனிங். கொலுசுக்குத் தானா நடக்குறதைப் படத்துக்கு நாம பத்து நிமிஷத்துல, முழுசா, சீரா நடத்துறோம். கொலுசுல கறுப்பாத் தெரியுற அதே பொருள், துகள் அளவு மாறுறதால படத்துல பழுப்பாத் தெரியுது.

'செபியா'ங்கிற பேர் கணவாய் மீனைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. அந்த மீனோட மையை வெச்சு ஒரு காலத்துல வரைஞ்சாங்க. நம்ம டோனர்ல மீனும் கிடையாது, மையும் கிடையாது. நிறம் மட்டும் பொருந்தினதால பேர் ஒட்டிக்கிச்சு.

படம் ஏன் மங்குது?

நிறத்துக்காக மட்டும்னா இதை ஒரு எபிசோடா பண்ணியிருக்க மாட்டேன். போன்ல ஒரு ஃபில்டர் போட்டா வேலை முடிஞ்சுது. டோனிங்குக்கு இன்னொரு காரணம் இருக்கு. அந்தக் காரணம் எனக்கு ஒரு பாட்டி மூலமா வந்தது.

எங்க தெருவுல ஒரு பாட்டி இருக்காங்க. அவங்க வீட்டுக்காரரோட படம் ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். கல்யாணமான புதுசுல, சேலத்துல ஸ்டுடியோவுல எடுத்தது. ஓரமெல்லாம் மஞ்சளாயிருச்சு. சாய்ச்சுப் பார்த்தா இருட்டான இடத்துல கண்ணாடி மாதிரி ஒரு மினுக்கம். நான் அதை ஃபிலிம்ல காப்பி எடுத்து, புதுசா பிரிண்ட் போட்டுத் தர்றேன்னு சொன்னேன். பாட்டி கேட்டது ஒரே கேள்வி: "இது எத்தினி வருஷம் இருக்கும் தம்பி? பேரன் பேத்தி பாக்குற வரைக்கும் இருக்குமா?"

அந்த மினுக்கத்துலயே பதிலோட பாதி இருக்கு. காத்துல இருக்குற ஆக்ஸிஜனேற்றும் பொருட்கள், புதுப் பெயிண்ட்லயிருந்து வர்ற ஆவி, வண்டிப் புகை, இதெல்லாம் ஈரத்தோட சேர்ந்து வெள்ளித் துகளைத் தாக்குது. வெள்ளி அயனியா மாறி ஜெலட்டினுக்குள்ள நகர ஆரம்பிக்குது. மேல்பரப்புக்கு வந்ததும் மறுபடி உலோக வெள்ளியாப் படியுது. அதுதான் அந்தக் கண்ணாடி மினுக்கம். மலையில பனிமூட்டம் வீட்டுக்குள்ளயே வர்ற மாசங்கள்ல ஈரத்துக்குப் பஞ்சமே இல்ல. விறகடுப்புப் புகையும் சேர்ந்தா கேக்கவே வேண்டாம்.

மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் வேற. பிரிண்டைச் சரியாக் கழுவாம விட்டா ஃபிக்ஸர், அதாவது ஹைப்போ, பேப்பருக்குள்ள தங்கிடும். அதுல கந்தகம் இருக்கு. அது வருஷக்கணக்கா வெள்ளியை அங்கங்க அரிச்சு மஞ்சளாக்கும்.

இங்க ஒரு நியாயமான சந்தேகம் வரும். கந்தகம்தான் படத்தைக் கெடுக்குதுன்னா, நாமளே ஏன் கந்தகத்தைச் சேர்க்கணும்? மிச்சம் இருக்குற ஹைப்போ பண்றது அரைகுறையான, திட்டு திட்டான வேலை. டோனிங்ல எல்லாத் துகளும் கடைசி நிலைக்குப் போயிடுது. சில்வர் சல்ஃபைடு ரொம்ப நிலையான பொருள். ஏற்கெனவே முழுசாக் கறுத்த கொலுசு அதுக்கு மேல கறுக்காது. அவ்வளவுதான் தத்துவம்.

சேலம் மாவட்டமும் தங்க டோனிங்கும்

இது இன்னைக்கு நேத்து வந்த கவலை இல்ல. ஃபோட்டோகிராஃபி வந்து பதினைஞ்சு வருஷத்துலயே படங்கள் மங்க ஆரம்பிச்சுது. 1855ல லண்டன் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி இதை ஆராய ஒரு கமிட்டியே போட்டாங்க. சரியாக் கழுவாத ஹைப்போ, கந்தகம் கலந்த காத்து, ஈரம்னு காரணங்களைச் சொன்ன அந்தக் கமிட்டி, தங்கத்துல டோன் பண்ணினா படம் நிலைக்கும்னும் சொன்னாங்க.

அதே காலத்துல நம்ம பக்கம் ஒருத்தர் கேமராவோட சுத்திக்கிட்டிருந்தார். கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். மதராஸ் ராணுவ அதிகாரி, மதராஸ் அரசாங்கத்தோட அதிகாரப்பூர்வ ஃபோட்டோகிராஃபர். 1857 கடைசியிலயும் 1858லயும் மாட்டு வண்டியில சாமான் ஏத்திக்கிட்டு ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு எடுத்துத் தள்ளினார். அந்தத் தொகுப்புகள்ல ஒண்ணு ராயக்கோட்டையும் சேலம் மாவட்டத்தின் மத்த இடங்களும். ராயக்கோட்டை இன்னைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம், அன்னைக்குச் சேலம் மாவட்டம். தஞ்சாவூர் பெரிய கோயில் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளை 21 பிரிண்ட்டா எடுத்து, ஒட்டி, 19 அடிக்கு மேல நீளமா ஒரே படமா ஆக்கினார்.

ட்ரைப் பிரிண்ட்களைத் தங்கத்துல டோன் பண்ணினார். கழுவுறதுலயும் கறாரான ஆள். 160 வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தப் படங்கள்ல பலது இன்னைக்கும் மியூசியங்கள்ல தெளிவா இருக்குதுன்னா அந்தக் கறாருக்கும் அதுல பங்கு உண்டு. அவரோட வேலை மட்டும் நிலைக்கல. 1859ல புதுசா வந்த கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவுன்னு சொல்லி அந்தப் பிரிவையே மூட வெச்சார். ஐடி கம்பெனியில வேலை செய்யுற யாருக்கும் இந்தக் கதை புதுசா இருக்காது.

நம்ம மாநிலத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஊட்டியில இருந்த ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1960ல தொடங்கின அரசு நிறுவனம், 1967ல உற்பத்தி ஆரம்பிச்சுது. 'இந்து'ங்கிற பேர்ல ஃபிலிமும் பிரிண்ட் பேப்பரும் வந்தது. உங்க தாத்தா பாட்டி கல்யாண ஆல்பத்துல இருக்குற கறுப்பு வெள்ளைப் படங்கள்ல சிலது அந்தப் பேப்பராக்கூட இருக்கலாம். இப்ப அந்த ஃபேக்டரி இல்ல. நாம இறக்குமதிப் பேப்பரை நம்பித்தான் இருக்கோம். அதனால ஒவ்வொரு ஷீட்டும் காசு, பார்த்துச் செலவு பண்ணணும்.

சரி, காபிக்கு வருவோம்

1820 வாக்கில சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபியைக் கொண்டு வந்தார்னு சொல்லுவாங்க. அந்தக் காபியில பிரிண்டை முக்கினா பழுப்பு நிறம் வரும், அது உண்மை. ஆனா மாறுறது வெள்ளி இல்ல. பேப்பரும் ஜெலட்டினும் கறை பிடிக்குது, வெள்ளை வேட்டியில காபி கொட்டின மாதிரி. வெள்ளைப் பகுதியும் சேர்ந்து பழுப்பாகும். வெள்ளித் துகள் அப்படியே பாதுகாப்பு இல்லாமக் கிடக்கும். தோற்றத்துக்காகப் பண்ணுங்க, தப்பில்ல. படம் நிலைக்கும்னு நினைச்சுப் பண்ணாதீங்க.

காபியால ஃபிலிமையே டெவலப் பண்ண முடியும், அது வேற சங்கதி. 1995ல அமெரிக்காவுல ராச்செஸ்டர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில ஸ்காட் வில்லியம்ஸும் அவரோட மாணவர்களும் இன்ஸ்டன்ட் காபியையும் வாஷிங் சோடாவையும் வெச்சுச் செஞ்சு காட்டினாங்க. அதுக்குத் தனி எபிசோடு போடலாம்.

செய்முறை: பிளீச், கழுவல், டோனர்

முதல் நல்ல செய்தி: டோனிங்குக்கு டார்க்ரூம் வேண்டாம். பகல் வெளிச்சத்துல ஜன்னலைத் திறந்து வெச்சே பண்ணலாம், அப்படித்தான் பண்ணணும். ரெண்டாவது செய்தி: இங்க்ஜெட் பிரிண்ட்லயோ, கலர் லேப்ல போட்ட 'பிளாக் அண்ட் வைட்' பிரிண்ட்லயோ இது வேலை செய்யாது. அதுல வெள்ளி கிடையாது. மூணாவது, பழைய குடும்பப் படத்து ஒரிஜினலை எக்காரணம் கொண்டும் ட்ரேயில போடாதீங்க. காப்பி எடுத்து, அந்தக் காப்பியை டோன் பண்ணுங்க.

பிளீச்: 500 மில்லி தண்ணியில பொட்டாசியம் ஃபெரிசயனைடு 5 கிராம், பொட்டாசியம் புரோமைடு 5 கிராம். எலுமிச்சை மஞ்சள்ல ஒரு திரவம் வரும்.

டோனர்: தயோயூரியா 10 கிராமை 100 மில்லி தண்ணியில கரைச்சு ஒரு பாட்டில். காஸ்டிக் சோடா 10 கிராமை 100 மில்லியில கரைச்சு இன்னொரு பாட்டில். காஸ்டிக்கைத் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமாப் போடணும், அது மேல தண்ணியை ஊத்தக் கூடாது. சூடேறித் தெறிக்கும். வேலை செய்யும்போது ரெண்டுலயும் 30 மில்லி எடுத்து, தண்ணி சேர்த்து மொத்தம் 500 மில்லி ஆக்கிக்கோங்க. காஸ்டிக்கைக் கூட்டினா அடர்ந்த பழுப்பு, தயோயூரியாவைக் கூட்டினா மஞ்சள் கலந்த பழுப்பு. பழைய புத்தகங்கள்ல தயோயூரியாவுக்குப் பதிலா சோடியம் சல்ஃபைடு இருக்கும். அதுவும் வேலை செய்யும். ஆனா அழுகின முட்டை நாத்தம் தெருவுக்கே கேட்கும்.

பிரிண்டை முதல்ல நல்லாக் கழுவணும். இது முக்கியம். பேப்பர்ல ஃபிக்ஸர் மிச்சம் இருந்து, அதுமேல ஃபெரிசயனைடு பட்டா வெள்ளி கரைஞ்சே போயிடும். போனது திரும்ப வராது.

கழுவின பிரிண்டை பிளீச்ல போட்டு ட்ரேயை ஆட்டிக்கிட்டே இருங்க. ரெண்டுலயிருந்து அஞ்சு நிமிஷத்துல படம் மறைஞ்சு, லேசான மஞ்சள் நிழல் மட்டும் நிக்கும். முதல் தடவை பாக்குறவங்களுக்கு வயித்துல புளி கரைக்கும். பயப்படாதீங்க. உலோக வெள்ளி, சில்வர் புரோமைடா மாறியிருக்கு, ஜெலட்டினுக்குள்ளயேதான் இருக்கு. இந்தக் கட்டத்துல மனசு மாறினா, கழுவிட்டு வெளிச்சத்துலயே சாதாரண பிரிண்ட் டெவலப்பர்ல போட்டா கறுப்பு வெள்ளைப் படம் திரும்பி வரும். நம்ம பாஷையில சொன்னா ரோல்பேக் பண்ணலாம். டோனர்ல போட்டதுக்கு அப்புறம் அது கமிட். ரோல்பேக் கிடையாது.

மஞ்சள் தண்ணி வர்றது நிக்கும் வரைக்கும் கழுவிட்டு டோனர்ல போடுங்க. சில நொடியில படம் பழுப்பா எழுந்து வரும். ஒரு ரெண்டு நிமிஷம் விட்டா முடிஞ்சுது. கடைசிக் கழுவல் ஆர்சி பேப்பருக்கு அஞ்சு நிமிஷம் போதும். ஃபைபர் பேப்பருக்கு அரை மணி நேரமாவது தண்ணியை மாத்தி மாத்திக் கழுவணும். கோடையில தண்ணிக்குக் குடம் தூக்குற ஊர்ல குழாயைத் திறந்து விட மனசு வராது. அதனால நடுவுல சோடியம் சல்ஃபைட் 2 சதவீதக் கரைசல்ல பத்து நிமிஷம் ஊற வைக்கிறேன். மிச்ச ஹைப்போ சீக்கிரம் வெளிய வந்துடும், தண்ணியும் பாதி மிச்சம்.

ரெண்டு சின்ன நுணுக்கம். முழுசா டோன் பண்ணினா படம் கொஞ்சம் வெளிறும். அதனால முதல்ல பிரிண்ட் போடும்போதே சற்று அடர்த்தியாப் போட்டுக்கோங்க. பிளீச்சை அரை நிமிஷத்துல நிறுத்தினா வெளிச்சமான பகுதிகள் மட்டும் மாறும், நிழல்கள் கறுப்பாவே இருக்கும். பார்க்க அழகா இருக்கும். ஆனா நிழல்ல இருக்குற வெள்ளிக்குப் பாதுகாப்பு வராது.

மத்த டோனர்கள்

நீல டோனர்ல இரும்புச் சேர்மம் வெள்ளி மேல பிரஷ்யன் நீலமாப் படியுது. கண்ணுக்கு நல்லா இருக்கும், காலத்துக்கு நிக்காது. காரத்தன்மை உள்ள போர் தண்ணியில கொஞ்ச நேரம் கூடுதலாக் கழுவினாலே நீலம் வெளுத்துடும். தங்கம் சாதாரணப் பிரிண்டை லேசான நீலக் கறுப்பாக்கும், செபியா பண்ணின பிரிண்டை ஆரஞ்சுச் சிவப்புக்குக் கொண்டு போகும். நல்லா நிலைக்கும். விலைதான் தங்க விலை.

செலினியம் ரொம்பப் பிரபலம். நிறம் அதிகம் மாறாம கறுப்பு ஆழமாகும். ஆனா நாம நினைச்ச அளவுக்கு அது காவல் இல்லன்னு பின்னாடி தெரிஞ்சுது. ராச்செஸ்டர்ல இருக்குற இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் மைக்ரோஃபிலிம்களை வெச்சுப் பண்ணின சோதனைகள்ல, நீர்த்த செலினியம் வெளிச்சப் பகுதிகளைச் சரியாக் காக்கல, சல்ஃபைடு முறைதான் உறுதியாக் காத்ததுன்னு தெரிய வந்தது. செலினியம் நச்சும்கூட. அதனால வெள்ளக்கடை வீட்டுக்குள்ள அதை நான் கொண்டு வர்றதே இல்ல.

நீங்களே பாக்கலாம்: ரெண்டு துண்டு சோதனை

"நிலைக்கும்"னு நான் சொல்றதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே பிரிண்டை ரெண்டா வெட்டி, ஒண்ணை மட்டும் முழுசா டோன் பண்ணிக் கழுவுங்க. பிறகு கொஞ்சம் பிளீச்சையும் ஃபிக்ஸரையும் கலந்து ரெண்டு துண்டையும் அதுல போடுங்க. டோன் பண்ணாத துண்டு சில நிமிஷத்துல வெறும் வெள்ளைப் பேப்பராயிடும். டோன் பண்ணினது அப்படியே நிக்கும். வருஷக்கணக்குல காத்து பண்ற தாக்குதலை இது அப்படியே காட்டிடாது. ஆனா வெள்ளியைக் கரைக்கிற ஒண்ணு சல்ஃபைடைத் தொட முடியலைங்கிறது கண்ணு முன்னாடி தெரியும்.

பாட்டிகிட்ட இந்த ரெண்டு துண்டையும் காட்டினேன். வெள்ளைத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "இதுல இருந்தவர் எங்க போனாரு?"ன்னு கேட்டாங்க. தண்ணியில கரைஞ்சு போயிட்டாருன்னு சொன்னேன். "அப்ப அந்தக் காப்பிக் கலர்லயே போட்டுக் குடு"ன்னு சொல்லிட்டாங்க. எத்தனை வருஷம்னு நான் நம்பர் எதுவும் சொல்லல. சரியாக் கழுவி, முழுசா டோன் பண்ணி, கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவுல இடைவெளி விட்டு ஃப்ரேம் போட்டு, அடுப்பங்கரைச் சுவரைத் தவிர்த்து மாட்டினா பேரப் பிள்ளைங்க காலத்தைத் தாண்டி நிக்கும்னு மட்டும் சொன்னேன்.

மிச்சத் தண்ணி எங்க போகுது?

நிறைய யூட்யூப் வீடியோக்கள் சிங்க்ல ஊத்துறதோட முடிஞ்சிடும். நான் அதை இங்க செய்ய முடியாது. இங்க பாதாளச் சாக்கடை கிடையாது. என் வீட்டுல ஊத்துறது சரிவுல இறங்கி, காபிச் செடிக்கோ, ஓடைக்கோ, கீழ இருக்குற யாரோ ஒருத்தர் கிணத்துக்கோதான் போகும். சென்னையிலயும் இதே கதைதான். என்ன, அங்க கிணத்துக்காரர் யாருன்னு நமக்குத் தெரியாது.

ஃபெரிசயனைடுன்னதும் சயனைடான்னு பதறாதீங்க. அதுல சயனைடு இரும்போட இறுக்கமாப் பிணைஞ்சிருக்கு. சாதாரணமாக் கையாளும்போது ஆபத்து குறைவு. ஆனா பலமான ஆசிட் பட்டாலோ சூடாக்கினாலோ விஷவாயு வரலாம். பாத்ரூம் கழுவுற ஆசிட் பாட்டில் இருக்குற இடத்துல இந்த வேலையே கூடாது. டோனரும் அப்படித்தான், ஆசிட் பட்டா அதுவும் விஷவாயு விடும். திறந்த வெளியில கொட்டினா, வெயில் படும்போது ஃபெரிசயனைடு கொஞ்சம் கொஞ்சமா சயனைடை விடும். அதனால மண்ணுலயும் கொட்டக் கூடாது. தயோயூரியா புற்றுநோய் சந்தேகப் பட்டியல்ல இருக்கு, அதனால கையுறை கட்டாயம். பொடியை எடை போடும்போது மாஸ்க் போடுங்க. சமையல் பாத்திரம், சமையல் தராசு எதையும் இதுக்குத் தொடாதீங்க.

நான் பண்றது இதுதான். பழைய ஃபிக்ஸர்ல கரைஞ்ச வெள்ளி இருக்கும், மீனுக்கு அது விஷம். அதுல பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைப் போட்டு சில நாள் வைக்கிறேன். இரும்பு கரைய, வெள்ளி சேறாக் கீழ படியும். பிளீச்சைத் தீரும் வரைக்கும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துறேன். தீர்ந்த பிளீச், டோனர், ஃபிக்ஸர் மூணையும் தனித்தனி கேன்ல, பேர் எழுதி மூடி வைக்கிறேன். சேலம் போகும்போது, தெரிஞ்ச ஒருத்தர் வேலை செய்யுற கல்லூரி கெமிஸ்ட்ரி லேப்ல, அவங்க கழிவோட சேர்த்து அனுப்பக் கொடுத்துடுறேன். 20 ஹேர்பின் வளைவு இறங்கும்போது கேன் சாயாமப் பாத்துக்கணும், அவ்வளவுதான் கஷ்டம். உங்க ஊர்லயும் ஏதாவது ஒரு லேப் இருக்கும், முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கோங்க. கழிவுக்கு வழி தெரிஞ்சப்புறம் கெமிக்கல் வாங்குங்க.

சரி நண்பர்களே, டோனிங் பத்தி வேற கேள்வி இருந்தா அனுப்புங்க. உங்க ஊர்த் தண்ணியில நீல டோனர் எவ்வளவு நேரம் தாங்குதுன்னு யாராவது சோதிச்சுப் பார்த்தா அதையும் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல, கேட்டவங்களுக்காக, காபியால ஃபிலிம் டெவலப் பண்றது. தோட்டத்துக் காபியா, கடையில வாங்குற இன்ஸ்டன்ட் காபியா, எது வேலை செய்யுதுன்னு பாத்துடலாம். வணக்கம்.